மலைப்பாதையில் வண்டிக்கு அடியில் 'டக்' சத்தமா? பழைய வண்டிகளின் யு.ஜே. கிராஸ்: எப்போது, எப்படி மாற்ற வேண்டும்?

திருத்தணி முருகன் கோயிலுக்குப் படியேறிச் செல்பவர்களுக்கு 365 படிகள். வண்டியில் செல்பவர்களுக்கு வளைந்து ஏறும் மலைப்பாதை. ஆறுபடை வீடுகளில் ஒன்றான இந்தக் கோயிலுக்கு சென்னை, அரக்கோணம் பக்கத்திலிருந்தும், எல்லை தாண்டி நகரி, புத்தூர், திருப்பதி பக்கத்திலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். அவர்கள் வரும் வண்டிகளில் பழைய சுமோ, பொலிரோ, ஆம்னி, டெம்போ டிராவலர் எல்லாம் உண்டு.

இந்த வண்டிகள் அத்தனைக்கும் அடியில் பொதுவாக ஒரு பொருள் இருக்கிறது. கூட்டல் குறி போன்ற வடிவத்தில் உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் இரும்புத் துண்டு. மெக்கானிக்குகள் அதை 'யு.ஜே. கிராஸ்' என்பார்கள். முழுப் பெயர் யுனிவர்சல் ஜாயிண்ட். சிறிய வண்டிகளுக்குப் பொதுவாக சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும் பொருள்தான்.

ஆனால் அது உடைந்தால்? சமதளத்தில் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். மலைப்பாதையில் உடைந்தால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பே அறுந்துவிடும். கியரில் இருந்தாலும் வண்டி பின்னால் உருளும். நல்ல விஷயம் என்னவென்றால், இது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் உடைவதில்லை. முன்கூட்டியே சத்தம் கொடுத்து எச்சரிக்கும். அந்தச் சத்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது? மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்? பார்க்கலாம்.

யு.ஜே. கிராஸ் என்றால் என்ன?

பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் முன்பக்கம் இருக்கும். சக்தி போய்ச் சேர வேண்டியது பின்னால் இருக்கும் ஆக்சிலுக்கு. இரண்டையும் இணைப்பது புரொப்பல்லர் ஷாஃப்ட் எனப்படும் நீளமான இரும்புக் குழாய்.

கியர்பாக்ஸ் ஒரே இடத்தில் நிற்கிறது. பின் ஆக்சில் அப்படி இல்லை. பள்ளம் மேட்டில் பட்டையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அதனால் ஷாஃப்டின் கோணம் ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கும். கோணம் மாறினாலும் சுழற்சி நிற்காமல் கடந்து போக, ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் யு.ஜே. கிராஸ் இருக்கிறது.

கிராஸின் நான்கு கைகளிலும் நான்கு கப். ஒவ்வொரு கப்புக்குள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். இதுதான் நீடில் பேரிங். நடுவில் கிரீஸ். கிரீஸ் வெளியே போகாமலும் தண்ணீர் உள்ளே வராமலும் தடுக்க ஒரு ரப்பர் சீல். இந்த நான்கும் ஒழுங்காக இருக்கும்வரை கிராஸுக்குப் பிரச்சினை இல்லை.

இது பழைய யோசனை. 16-ம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பெயரில் 'கார்டன் ஜாயிண்ட்' என்றும், 17-ம் நூற்றாண்டு ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரில் 'ஹூக் ஜாயிண்ட்' என்றும் இதைச் சொல்வதுண்டு. மோட்டார் வாகனத்துக்கு ஏற்றபடி இதை வடிவமைத்து 1903-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். அந்தக் காலத்தில் பல கார்கள் சைக்கிளைப் போல செயின் மூலம் ஓடின. அந்த செயினின் இடத்தைப் பிடித்தது இந்த ஷாஃப்ட்தான்.

எந்த வண்டிகளில் இது இருக்கும்?

அம்பாசடர், ஜீப், சுமோ, பொலிரோ, குவாலிஸ், டவேரா, ஆம்னி, டெம்போ டிராவலர், டாடா ஏஸ், 407, லாரி, முன்பக்க இன்ஜின் உள்ள பஸ்கள். இவையெல்லாம் புரொப்பல்லர் ஷாஃப்ட் உள்ள வண்டிகள்.

ஸ்விஃப்ட், ஐ10 போன்ற முன்சக்கரத்தால் ஓடும் கார்களில் இது கிடையாது. அவற்றில் ரப்பர் பூட் போட்ட சி.வி. ஜாயிண்ட் இருக்கும். அது வேறு கதை.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. ஆம்னியும் சுமோவும் 2019-ல் நின்றன. சாலையில் இன்றைக்கும் ஓடும் ஆம்னியோ சுமோவோ எல்லாமே வயதான வண்டிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மலைப்பாதை ஏன் கிராஸை சோதிக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் தரும் திருப்புவிசை 120 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டாப் கியரில், 1:1 விகிதத்தில், ஷாஃப்டுக்குப் போவதும் ஏறக்குறைய அதே 120தான். முதல் கியரின் விகிதம் 4:1 என்றால், ஷாஃப்டுக்குப் போவது 480. அதாவது, முதல் கியரில் மலையேறும்போது கிராஸ் தாங்க வேண்டிய முறுக்கு நான்கு மடங்கு.

இதோடு முடிவதில்லை. ஆட்கள் நிறைய ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழும், ஷாஃப்டின் கோணம் மாறும். முன்னால் போகும் வண்டி நின்றால் நாமும் நிற்க வேண்டும். மறுபடி கிளட்சை விட்டு எடுக்கும்போது கிராஸுக்கு ஒரு அடி. நின்று நின்று ஏறினால் அத்தனை முறையும் அடி. இறங்கும்போது விசை எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது. இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், வண்டி இன்ஜினைத் தள்ளும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது இதே கிராஸ்தான்.

நெடுஞ்சாலையில் வேறு மாதிரி சோதனை. டயரின் சுற்றளவு 2 மீட்டர், பின் ஆக்சிலின் விகிதம் 4:1 என்றால், 60 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும். கிராஸில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் இந்த வேகத்தில் அது அதிர்வாகத் தெரியும். சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. நெடுஞ்சாலையில் ஓடிவந்து, உடனே மலையேறும் வண்டிக்கு இந்த இரண்டு சோதனையும் ஒரே நாளில் நடக்கிறது.

தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

1. 'டக்' சத்தம்: நின்ற வண்டியை எடுக்கும்போதும், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போதும், ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் அடியில் ஒரு 'டக்'. கப்புக்குள் இடைவெளி விழுந்துவிட்டது என்பதற்கான அடையாளம் இது.

2. 'கீச் கீச்' சத்தம்: குருவி கத்துவது போல. மெதுவாகப் போனால் மெதுவாக, வேகம் கூடினால் வேகமாக வரும். உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் வரும் எச்சரிக்கை பெரும்பாலும் இதுதான்.

3. அதிர்வு: குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரையும் சீட்டும் நடுங்கும். ஸ்டியரிங் மட்டும் ஆடினால் வீல் பேலன்ஸ் பிரச்சினையாக இருக்கலாம். தரை நடுங்கினால் ஷாஃப்டைப் பார்க்க வேண்டும்.

4. துருப் பொடி: கப்பைச் சுற்றி செம்மண் நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருந்தால், உள்ளே இரும்பை இரும்பு தின்கிறது. சத்தமே இல்லாவிட்டாலும் அந்தக் கிராஸை மாற்றியாக வேண்டும்.

கையால் சோதிப்பது எப்படி?

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகு நியூட்ரலில் போட வேண்டும். சைலன்சர் சூடு ஆறிய பிறகு அடியில் சென்று, ஒரு கையால் ஷாஃப்டையும் மறு கையால் அதை ஒட்டியுள்ள யோக்கையும் (கிராஸைப் பிடித்திருக்கும் கவை போன்ற பாகம்) பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்க்க வேண்டும்.

ஷாஃப்ட் அசைந்து யோக் அசையாமல் நின்றால், கிராஸ் போய்விட்டது. இரண்டும் சேர்ந்தே கொஞ்சம் திரும்பினால் அது கிராஸ் இல்லை. கியர்பாக்ஸிலோ, பின்னால் உள்ள கிரவுன் பினியனிலோ இருக்கும் இடைவெளி. கொஞ்சம் இடைவெளி அங்கே இயல்புதான். இந்த வித்தியாசம் தெரியாமல் தேவையில்லாத செலவு செய்பவர்கள் உண்டு. ஷாஃப்டை மேலும் கீழும் தூக்கியும் பார்க்க வேண்டும். நீளமான ஷாஃப்டில் நடுவே சென்டர் பேரிங் இருந்தால் அதன் ரப்பரையும் பார்க்க வேண்டும்.

மாற்றும்போது மிகப் பெரிய ஆபத்து எது?

வண்டி உருளுவதுதான். 'கியரில் போட்டிருக்கேன், நகராது' என்பது ஷாஃப்ட் இருக்கும்வரைதான் சரி. ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் கியருக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. கடைசி போல்ட் கழன்றதும் வண்டி உருள ஆரம்பித்தால், அடியில் படுத்திருப்பவர் தப்பிக்க நேரம் கிடைக்காது.

இன்னொன்று. பழைய ஜீப் ரகங்கள் சிலவற்றிலும் சில லாரிகளிலும் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இருக்காது. கியர்பாக்ஸை ஒட்டி, ஷாஃப்டைப் பிடிப்பது போல இருக்கும். அவற்றில் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் வேலை செய்யாது. மற்ற வண்டிகளிலும் பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் பிடித்தும் பயனில்லை. தரையில் நிற்பது முன்சக்கரங்கள் மட்டுமே.

அதனால் மூன்று விதிகள்: சமதளம் கட்டாயம். தரையில் நிற்கும் சக்கரங்களின் இரண்டு பக்கமும் கட்டை கட்டாயம். வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கட்டாயம். சாய்வான மலைப்பாதையில் ஓரமாக நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே கூடாது.

மாற்றும் வேலை படிப்படியாக

முதலில் அடையாளம்: ஷாஃப்டும் பின் ஆக்சில் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் இரண்டின் மீதும் சேர்ந்தாற்போல பெயிண்டால் ஒரு கோடு. நீளம் கூடிக் குறையும் ஸ்லிப் ஜாயிண்டிலும் அதே போல ஒரு கோடு. ஒரு நிமிட வேலை. இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

கழற்றுதல்: ஃபிளாஞ்ச் போல்ட்களை எடுக்கும்போது ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு முனையில் தொங்கவிடக் கூடாது. ஆம்னி போல, ஷாஃப்டின் முன்முனை கியர்பாக்ஸுக்குள் செருகியிருக்கும் வண்டிகளில், இழுத்ததும் அங்கிருந்து ஆயில் வடியும். தட்டு வைத்து, ஓட்டையை அடைத்து, பிறகு மறக்காமல் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும்.

பழைய கிராஸை எடுத்தல்: கப்களைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் லாக்குகளை முதலில் எடுக்க வேண்டும். துருப்பிடித்திருந்தால் துரு இளக்கும் ஆயில் ஊற்றிக் காத்திருப்பது நல்லது. பிறகு பெஞ்ச் வைஸில் வைத்து, ஒரு பக்கம் கப்பை விடச் சிறிய சாக்கெட், எதிர்ப்பக்கம் கப் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட் வைத்து இறுக்கினால், கப் மெதுவாக வெளியே வரும். குழாயை வைஸில் நசுக்குவதோ, குழாய் மீது சுத்தியலால் அடிப்பதோ கூடாது. குழாயில் சின்னப் பள்ளம் விழுந்தாலே பேலன்ஸ் போய்விடும்.

யோக்கைச் சோதித்தல்: கப் உட்காரும் ஓட்டையை நன்றாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் புதுக் கிராஸ் போட்டும் பயனில்லை, யோக்கையே மாற்ற வேண்டும். லூசாக இருக்கும் கப்பை வெல்டு வைத்துப் பிடிப்பது ஆபத்தான வேலை. அந்தச் சூட்டில் பேரிங்கின் பதம் போய்விடும்.

புதுக் கிராஸ்: வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், கப்பின் விட்டத்தையும் எதிரெதிர் கப்களுக்கு இடையே மொத்த நீளத்தையும் வெர்னியரில் அளந்து ஒப்பிட வேண்டும். ஒரே மாடல் வண்டியிலேயே தயாரிப்பு ஆண்டைப் பொறுத்து அளவு மாறலாம். கிரீஸ் நிப்பிள் உள்ளதும் உண்டு, நிப்பிளே இல்லாமல் சீல் செய்து வருவதும் உண்டு. பழைய வண்டிக்கு, தண்ணீரிலும் புழுதியிலும் ஓடுவதற்கு, நிப்பிள் உள்ளது வசதி. ஆனால் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும்.

பொருத்துதல்: இங்கேதான் பொறுமை வேண்டும். கப்புக்குள் இருக்கும் ஊசிகளில் ஒன்று சரிந்து அடியில் விழுந்தால்கூட கப் முழுதாக உட்காராது, சர்க்ளிப் அதன் பள்ளத்தில் இறங்காது. அதற்குப் பிறகும் சுத்தியலால் அடித்தால் புதுக் கிராஸே வீண். ஊசிகளை கிரீஸால் ஒட்டி நிறுத்தி, கிராஸின் கையை கப்புக்குள் நேராகப் பிடித்தபடியே அழுத்த வேண்டும். நிப்பிள், கிரீஸ் கன் எட்டும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். நான்கு சர்க்ளிப்பும் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பொருத்திய பிறகு கிராஸ் இரண்டு பக்கமும் கையாலேயே மடங்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி நின்றால், யோக்கின் பக்கவாட்டில் மெதுவாக ஒரு தட்டு தட்டினால் கப் சர்க்ளிப்போடு சேர்ந்து உட்கார்ந்து இலகுவாகும். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கழற்றிப் பார்ப்பதே சரி.

முடித்தல்: பெயிண்ட் கோடுகள் நேராக வரும்படி ஷாஃப்டை மாட்டி, போல்ட்களை அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட அளவில் இறுக்க வேண்டும். பிடிப்பு இழந்த நட், வாஷர்களை மறுபடி போடக் கூடாது. நான்கு கப்களின் சீல் ஓரத்திலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். முதலில் சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்து, போல்ட்களை மறுபடி ஒருமுறை சோதித்த பிறகே மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

அந்த பெயிண்ட் கோடு ஏன் முக்கியம்?

யு.ஜே. கிராஸுக்கு ஒரு குணம் உண்டு. கோணத்தில் சுற்றும்போது அது ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். கோணம் 10 டிகிரி என்றால், உள்ளே வரும் சுழற்சி 1,000 ஆக இருக்க, வெளியே போவது 985-க்கும் 1,015-க்கும் இடையே ஊசலாடும். 20 டிகிரி என்றால் 940-க்கும் 1,064-க்கும் இடையே.

இந்த ஊசலாட்டத்தைச் சரிக்கட்டத்தான் மறுமுனையில் இன்னொரு கிராஸ். முன்னது கூட்டுவதைப் பின்னது குறைக்கும். ஆனால் ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் உள்ள யோக்குகள் ஒரே நேராக இருந்தால்தான் இது நடக்கும். ஸ்லிப் ஜாயிண்டை ஒன்றிரண்டு பல் தள்ளி மாட்டினால் இந்தச் சரிக்கட்டல் கெடும். 'புது கிராஸ் போட்டும் அதிர்வு போகல' என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அப்படியே ஓட்டினால் புதுக் கிராஸும் சீக்கிரமே தேயும்.

மலையில் உடைந்துவிட்டால் என்ன செய்வது?

இன்ஜின் உறுமும், வண்டி நகராது. அடியில் பலத்த சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் கியரை மாற்றிப் பார்ப்பதும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதும் பயன் தராது.

● உடனே கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். கால் பிரேக் தனி அமைப்பு என்பதால் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் கழன்ற ஷாஃப்ட் சுழன்று பிரேக் பைப்பில் அடிக்க வாய்ப்பு உண்டு என்பதால் தாமதம் கூடாது.

● இன்ஜினை அணைக்க வேண்டும். ஷாஃப்டின் ஒரு பாதி அடியில் இன்னும் சுழன்றுகொண்டிருக்கலாம்.

● ஹேண்ட் பிரேக்கைப் போட்டாலும் அதை மட்டும் நம்பி டிரைவர் காலை எடுக்கக் கூடாது. ஒருவர் இறங்கி, சக்கரங்களுக்குக் கீழே, சரிவுப் பக்கம் கல் வைத்த பிறகே மற்றவர்கள் இறங்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நேராக யாரும் நிற்கக் கூடாது.

● ஷாஃப்டைக் கயிற்றில் கட்டி, 'மெதுவா இறக்கிடலாம்' என்று முயலக் கூடாது. இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்தில் முடியும். மீட்பு வண்டிதான் வழி.

முன்பக்கக் கிராஸ் உடைவது கூடுதல் ஆபத்து. வண்டி முன்னோக்கி ஓடும்போது ஷாஃப்டின் முன்முனை கீழே விழுந்து சாலையில் குத்தக்கூடும். பல பஸ், லாரிகளில் ஷாஃப்டைச் சுற்றி இரும்பு வளையம் ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். உடைந்தாலும் ஷாஃப்ட் தரையில் விழாமல் தாங்குவதற்காகத்தான் அது. கழன்றிருந்தால் மறுபடி மாட்ட வேண்டும்.

எஃப்.சி. இருந்தால் போதாதா?

வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். சொந்த உபயோகக் கார்களுக்கு பதிவு 15 ஆண்டு. அதன் பிறகுதான் சோதனைக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. காட்டுவது சோதனை நாளின் நிலையை. கிராஸில் கிரீஸ் காய்வதும் சீல் கிழிவதும் அதற்கு அடுத்த மாதமே நடக்கலாம். மழையில் தேங்கிய தண்ணீரில் வண்டியை ஓட்டியிருந்தால், கிரீஸ் அடிக்கும் நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே அடிப்பது நல்லது.

வேன் எடுத்துப் போகும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது

ஆடிக் கிருத்திகை போன்ற நாட்களில் திருத்தணியில் காவடிக் கூட்டம் அலைமோதும். மலைப்பாதையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதிப்பதும் வழக்கம். அப்படிக் கட்டுப்பாடு இல்லாத நாட்களில் பழைய வேனை வாடகைக்கு எடுத்து மலையேறுபவர்கள், மெக்கானிக் வேலை தெரியாவிட்டாலும் இவற்றைச் செய்யலாம்:

● புறப்படும்போதே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் அடியில் 'டக்' என்று கேட்டால் டிரைவரிடம் சொல்லுங்கள். 'அது அப்படித்தான் இருக்கும்' என்ற பதிலோடு மலையேற வேண்டாம்.

● கிராஸுக்கு கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தார்கள் என்று கேளுங்கள். ஒழுங்காகப் பராமரிப்பவருக்கு உடனே பதில் தெரியும்.

● அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரின் எடையும் அந்தக் கிராஸ் மீதுதான் விழுகிறது.

● எந்தக் கியரில் ஏறியதோ, அதே கியரில் இறங்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் இறக்கும் டிரைவரை அப்போதே தடுத்து நிறுத்துங்கள்.

சந்தேகம் இருந்தால் வண்டியை அடிவாரத்திலேயே நிறுத்திவிடலாம். அங்கிருந்து படி வழியாகவோ, வேறு வண்டியிலோ மேலே போய்விட முடியும். கிராஸ் மாற்றும் செலவை தரிசனம் முடித்து வந்தும் பார்த்துக்கொள்ளலாம்.